செபஸ்தியன் காலில் ஆறு ஸ்குறூ

1974

ஜனவரி 8, செவ்வாய்

பேக்கரி வாசலில் பாண் கியூவில் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மருதானைக்குப் போய்ச் சேர எட்டரை. ராசிக் முதலாளியிடம் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் பட்டறைக்குள் நுழைந்தேன். பார்த்தால் அவருடைய கதிரையில் வேறொரு மனிதர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, பளபளவென்ற சப்பாத்து.

"இவர் எலும்பு டொக்டர், நவரத்தினம் ஐயா. ஆஸ்பத்திரிலேந்து வந்தீக்கிறார். எனத்தையோ ஸ்குறூவாம், நீயே கேளு ஸ்ரனி" என்றார் ராசிக்.

விஷயம் இதுதான். முறிந்த எலும்பின் மேல் ஒரு தகடு வைத்து, ஸ்குறூவால் எலும்போடு பூட்டுவார்களாம். தகடு கொஞ்சம் கையிருப்பில் இருக்கிறது. ஸ்குறூ இல்லை. இறக்குமதி நின்று எட்டு மாதம். கடைசி ஸ்குறூவும் போன கிழமை ஒரு பஸ் கண்டக்டரின் தொடைக்குள் போய்விட்டதாம்.

"மாதிரிக்கு ஒண்டு தாங்கோ ஐயா" என்றேன்.

"அதுதானே இல்லை. எலும்பு பொருந்தின பிறகு கழற்றுவம். கழற்றினதைச் சனம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிடும். நான் ஒருநாளும் தடுத்ததில்லை, இப்ப கவலைப்படுறன்."

ஒரு பழைய விலைப்பட்டியலில் கிழித்த தாளை நீட்டினார். படத்தில் ஸ்குறூ நெருப்புக்குச்சி அளவு. பக்கத்தில் விட்டமும் நீளமும் போட்டிருந்தது. கறல் பிடிக்காத இரும்புக் கம்பி நாலு அவரே கொண்டுவந்திருந்தார்.

பதினேழு வருடமாக லேத்தில் நிற்கிறேன். கப்பல் பம்புக்கும் தேயிலை மெசினுக்கும் புரி வெட்டியவன். இந்தப் பொடி ஸ்குறூ என்ன? "ஒரு கிழமை தாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து றஞ்சிக்குக் கடிதம் எழுதினேன். பாண் கியூ, மழை, கீழ்வீட்டு மெற்றில்டா அக்காவின் முழங்கால் வலி, எல்லாம் எழுதினேன். ஸ்குறூ பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

றஞ்சி என் மனைவி. லீட்ஸ் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், அதுவும் எலும்பு ஒப்பரேஷன் அறையில் தாதி. கேட்டால் அந்தச் சாமானைப் பற்றி எல்லாம் சொல்லுவாள். கேட்க மனம் வரவில்லை. லேத் வேலையை ஒரு தாதியிடம் கேட்டுச் செய்வதா? நாளைக்கு அவள் சிரிப்பாள். "என்ன, பெரிய எஞ்சினியர் ஐயா, எங்களிட்டை வந்து நிக்கிறியள்?"

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து, "மூண்டு வருசம்தானே, கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்" என்றாள். நானும் மூடி மூடித் திறந்து பார்க்கிறேன்.

ஜனவரி 19, சனி

மருதானைச் சந்தையில் மாட்டின் முன்னங்கால் எலும்பு வாங்கி வந்து முதல் ஸ்குறூவைப் பூட்டிப் பார்த்தேன். வழக்கமான புரி, சுற்றி ஏறும் வரம்பின் இரண்டு பக்கமும் சரிவு. கடைசிச் சுற்றில் 'டிக்' என்றது. எலும்பு நீளத்துக்கு வெடித்துவிட்டது. ஆப்பு அடித்தால் விறகு பிளப்பதுபோல.

எலும்பை அவித்துச் சுத்தம் செய்தால் வெடிக்காதோ என்று வீட்டில் அவித்தேன். மெற்றில்டா அக்கா மேலே வந்து, "ஸ்ரனிஸ்லாஸ், பெண்சாதி இல்லாத வீட்டில என்னப்பா இந்த நாத்தம்? தெரு நாயெல்லாம் என்ர வாசல்ல நிக்குது" என்று ஏசிவிட்டுப் போனா. எலும்பும் அவித்ததில் மெதுமையாகிவிட்டது. டொக்டரிடம் சொன்னேன். "ஐயோ, உயிருள்ள எலும்பை ஆராவது அவிப்பினமோ? பச்சை எலும்பிலதான் பாக்கவேணும்" என்று தலையில் கை வைத்தார்.

ஜனவரி 28, திங்கள்

பிடித்துவிட்டேன்!

அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புரியின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. தலையைப் பார்த்த பக்கம் கிட்டத்தட்ட நேர். மற்றப் பக்கம் சரிவு. வாள் பல் மாதிரி. நேரான முகம் எலும்பைப் பிடித்து இழுக்கும், பக்கவாட்டில் பிளக்காது. வெட்டுகிற உளியை அதற்கேற்பத் தீட்டி, புரியை ஆழமாக, இடைவெளி விட்டு வெட்டினேன்.

பச்சை எலும்பு. மேசையில் பூட்டிய வைஸ் பிடியில் இறுக்கி, எஞ்சின் தூக்கும் சங்கிலியைக் கொளுவி ஸ்குறூவை இழுத்தோம். ராசிக் முதலாளியும் சங்கிலியில் தொங்கினார். வைஸ் மேசையோடு எழும்பியது. ஸ்குறூ அசையவில்லை.

"இது எனத்த வேலை ஸ்ரனி, மேசை வருகுது, ஸ்குறூ வருகுதில்ல!" என்று சிரித்தார். றஞ்சி இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்ல? சுவரிடமா?

பெப்ரவரி 9, சனி

ஆறு ஸ்குறூ முடிந்தது. மினுக்கி, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். தலையும் கழுத்தும் சந்திக்கிற இடத்தில் மூலை சும்மா கத்தி வெட்டினதுபோல. அதில்தான் ஒரு லேத்காரனின் கை தெரியும். மூலை மழுங்கலாக இருந்தால் எங்களுக்குள் கேலி பண்ணுவோம்: "என்ன, உளி தேஞ்சு போச்சோ?" என்னுடையதில் அந்தக் கதைக்கே இடமில்லை.

பெப்ரவரி 18, திங்கள்

துறைமுகத்தில் மூட்டைக் கட்டு கழன்று விழுந்து ஒருவனுக்குக் கால் முறிந்ததாம். பார்த்தால் எங்கள் செபஸ்தியன். எங்கள் முடுக்கில் இரண்டாவது வீடு. பாட்டுக்காரன், ஒரு கலியாண வீடு விடமாட்டான். முழங்காலுக்குக் கீழ் எலும்பு இரண்டு துண்டு. நாளைக்கு ஒப்பரேஷன். என் ஸ்குறூ ஆறும் அவனுக்குத்தான்.

அந்தோனியாரே, பார்த்துக்கொள்ளும்.

பெப்ரவரி 19, செவ்வாய்

உடைஞ்சு போச்சு.

டொக்டர் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். ஆறாவது ஸ்குறூவைக் கடைசியாக இறுக்கும்போது தலை மட்டும் கழன்று அவருடைய கையில் வந்துவிட்டதாம். உடல் எலும்புக்குள். தோண்டி எடுத்தால் எலும்பு இன்னும் சேதமாகும் என்று விட்டுவிட்டார். அந்தத் தலையை ஒரு பஞ்சில் வைத்துத் தந்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"புரி அருமையாப் பிடிச்சது மிஸ்டர் ஸ்ரனிஸ்லாஸ். கழுத்திலதான் போச்சு. ஏன் எண்டு பாருங்கோ."

என்னத்தைப் பார்க்கிறது? உடைந்த முகத்தைப் பார்த்தேன். அந்த மூலையிலேயே, சுற்றிவர, வெட்டி எடுத்ததுபோலப் போயிருக்கிறது. நான் மினுக்கி மினுக்கி வைத்த மூலை. மற்ற அஞ்சும் அதே மூலையோட அவன்ர காலுக்க கிடக்குதே. என்ர கடவுளே.

பெப்ரவரி 20, புதன்

வேலைக்குப் போகவில்லை.

பெப்ரவரி 24, ஞாயிறு

செபஸ்தியனைப் போய்ப் பார்த்தேன். கால் முழுக்கப் பிளாஸ்டர். என்னைக் கண்டதும், "ஸ்ரனியண்ணே! நீங்கதானாமே என்னைப் பூட்டினது!" என்று வார்ட்டுக்கே கேட்கக் கத்தினான். கூச்சத்தில் செத்தேன். வாசலால் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

சொல்லிவிட்டேன். "ஒண்டு உடைஞ்சு உள்ளுக்க கிடக்கு செபஸ்தி. என்ர பிழை. மத்ததுகளும் அப்பிடி உடையலாம்."

அவன் பிளாஸ்டரைக் கையால் தட்டிப் பார்த்தான். "மத்த அஞ்சும் இப்ப இருக்குதானே அண்ணே?"

"இருக்கு."

"அப்ப சரி. தோடம்பழம் கொண்டு வரேல்லையா?"

வீட்டுக்கு வந்து றஞ்சிக்கு எழுதினேன். எல்லாம் எழுதினேன். கேட்கவேண்டியதையும் கேட்டேன்.

மார்ச் 16, சனி

றஞ்சியின் பதில். நீலத் தாளில் மூன்று பக்கம்.

"முதல்லயே கேட்டிருக்கலாமே. ஒவ்வொரு நாளும் அந்த ஸ்குறூவை டொக்டரின்ர கையில எடுத்துக் குடுக்கிறது நான்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். தலைக்குக் கீழ மூலையே இல்லை. கிண்ணத்தின்ர உட்பக்கம் மாதிரி வளைஞ்சு போகுது. புரியின்ர அடியும் அப்பிடித்தான், உருண்டை. நீங்கள் கத்தி மாதிரி வெட்டியிருப்பியள், எனக்குத் தெரியும். உங்கட கதையே அப்பிடித்தானே. கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்னவாம்?"

கீழே பென்சிலால் படம் போட்டிருக்கிறாள். றஞ்சிக்குப் படம் வராது. ஸ்குறூ ஒரு குடைக் காளான் போல இருக்கிறது. கழுத்தின் வளைவை மட்டும் மூன்று தரம் அழுத்திக் கீறியிருக்கிறாள்.

அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

ஏப்ரல் 13, பெரிய சனி

றஞ்சியோடு வேலை செய்கிற றோஸி லீவில் வந்திருக்கிறா. வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்த்தேன். பவுடர் டின் ஒன்று தந்தா. "கொட்டிப் பாருங்கோ அண்ணே, உங்கட மனுசி கஸ்டம்ஸுக்குப் பயந்து தாட்டு வைச்சிருக்கிறா."

பவுடருக்குள் ஒரு ஸ்குறூ. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் இடுப்பில் இரண்டு வருடம் இருந்ததாம். அந்த மனுசி வேண்டாம் என்று விட்டுப்போக, இவள் கேட்டு எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். கண்ணை மூடித் தடவினேன். உண்மைதான், மூலையே இல்லை.

டின்னில் அவளுடைய பவுடர் மணம். இந்த மணத்தைக்கூட மறந்துபோயிருந்தேன். செபமாலையோடு அந்த ஸ்குறூவையும் சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மே 4, சனி

வளைந்த கழுத்தோடு புது ஸ்குறூ பன்னிரண்டு கொடுத்தோம். இரண்டு பேருக்குப் பூட்டியாயிற்று, ஒன்றும் உடையவில்லை. டொக்டர் கை குலுக்கினார். எனக்குச் செபஸ்தியனின் அஞ்சும்தான் மனதில்.

ஜூன் 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைக் கோயிலில் நெரிசல். செபஸ்தியன் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு, தூக்கிப்போன அந்தோனியார் சுருவத்தின் பின்னால் போனான். நான் அவன் பின்னால். அவன் பாடிக்கொண்டு போகிறான், நான் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டு போகிறேன். செபம் ஒன்றும் வரவில்லை.

போன திருநாளுக்கு முந்தின முந்தின திருநாளில் றஞ்சி இதே தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். சனத்தில் தவறிவிடுவோம் என்று இறுக்கிப் பிடித்தாள்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

கடிதம். செப்டெம்பரில் மூன்று வருடம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் நின்றால் அங்கேயே இருக்க உரிமை கிடைக்குமாம், அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடலாமாம். "நிக்கட்டோ, வரட்டோ? வந்தா இஞ்ச திரும்ப வேலை கிடைக்காது. நீங்கள் வாறதெண்டா நிக்கிறன். சொல்லுங்கோ."

வா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பிறகு பாண் கியூ ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக அவள் ஊருக்கு அனுப்புகிற மருந்தும் பால்மாவும் ஞாபகம் வந்தது. சரி, நான் போகிறேன் என்று எழுதலாம்தானே?

செபஸ்தியன் காலில் அஞ்சு ஸ்குறூ.

"நில். ஆனா நான் எப்ப வாறன் எண்டு இப்ப சொல்லேலாது. அவன்ர கால்ல இருந்து அஞ்சும் வெளியில வரட்டும், பிறகு கதைப்பம்" என்று எழுதிப் போட்டேன். டொக்டர் சொன்ன கணக்கு ஒன்றரை வருடம். எழுதும்போது அது நியாயமாகத்தான் பட்டது.

செப்டெம்பர் 29, ஞாயிறு

றஞ்சியின் பதில் ஒரு பக்கம்தான். "நிக்கிறன். ஒரு மனுசன்ர காலுக்குக் காவல் நிக்கிறியள். நல்லம். எனக்கும் ஒரு ஆள் இருக்கெண்டு மறந்துபோகாதேங்கோ."

ஒக்டோபர் 20, ஞாயிறு

அவளுடைய சேலைகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்தேன். பச்சைச் சேலையில் ஒரு ஊசி குத்தியபடியே இருக்கிறது. எடுக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கோட்டையில் தந்திக் கந்தோருக்குப் போய் லீட்ஸுக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். மூன்று நிமிஷம். பத்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

"றஞ்சி?"

"கேக்குதா? நான் கதைக்கிறது கேக்குதா?"

"கேக்குது. உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. சாப்பிட்டீங்களா?"

"ஓம். நீ?"

பிறகு கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். "கேக்குதா?" என்று நான். "கேக்குதா?" என்று அவள். அதோடு மூன்று நிமிஷமும் முடிந்துவிட்டது. வெளியில் வந்து படியில் குந்தி அழுதேன். முப்பத்தொன்பது வயது. வெட்கமில்லை.

1975

பெப்ரவரி 8, சனி

கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீடு. பைலாப் பாட்டுத் தொடங்கியதும் செபஸ்தியன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் குதித்துவிட்டான். அந்தக் காலில்! எனக்கு வந்த கோபத்தில் பாட்டுக்காரர் பாட்டை நிறுத்துமளவுக்குக் கத்தினேன்.

"டேய், என்ர அஞ்சு ஸ்குறூவும் உன்ர காலுக்க கிடக்கு! ஆடுறதெண்டா கழட்டித் தந்திட்டு ஆடு!"

கலியாண வீடே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். செபஸ்தியன் நொண்டிக்கொண்டு வந்து, "அண்ணிக்கு எழுதுறன், அண்ணருக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு" என்றான். எழுது. அவளுக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

றஞ்சியின் கடிதம். குளிர் குறைந்ததாம். பக்கத்து அறைப் பெண் கலியாணம் கட்டிப் போய்விட்டாளாம், இப்போது தனியாகச் சமைக்கிறாளாம். ஒரு கறியை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறாளாம். அன்புடன் றஞ்சிதம்.

'எப்ப வாறீங்கள்' இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும் கேள்வி. திருப்பித் திருப்பி வாசித்தேன், ஓரத்திலும் பார்த்தேன். இல்லை. உங்கட றஞ்சி என்றுதான் முடிப்பாள், இது அன்புடன் றஞ்சிதம். பாங்குக்கு எழுதுற மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

எட்டுக் கிழமையாகக் கடிதம் இல்லை. மெற்றில்டா அக்கா தபால்காரனைக் கண்டால் எனக்கு முன்னால் தலையாட்டுகிறா, இல்லை என்று.

ஜூலை 20, ஞாயிறு

பத்துக் கிழமை. அவளை நான்தானே காக்க வைச்சனான். இப்ப ஏன் தபால்காரன்ர மணிச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுறன்?

ஓகஸ்ட் 7, வியாழன்

இன்று காலை செபஸ்தியனுக்குத் தகட்டைக் கழற்றினார்கள். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதாம். ஐந்தும் தலையோடு வெளியில் வந்துவிட்டன. உடைந்த துண்டு உள்ளேயே இருக்கட்டும், அதால் தொந்தரவில்லை என்கிறார் டொக்டர். பட்டறையில் லேத்தை நிற்பாட்டிவிட்டு, முதலாளிக்கு முன்னால் முழங்காலில் இருந்து சிலுவை போட்டேன். அவரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஆனால் அந்த ஐந்தையும் நான் பார்க்கவேண்டும். கழுத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் என்னால் நித்திரை கொள்ளமுடியாது. எடுத்து வைக்கச் சொல்லி டொக்டரிடம் போன கிழமையே சொல்லியிருந்தேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

டொக்டரின் அறைக்குப் போனேன். ஸ்குறூ இல்லை. வார்ட் அற்றென்டன் செபஸ்தியனிடமே கொடுத்துவிட்டானாம். ஓடினேன் செபஸ்தியன் வீட்டுக்கு.

"அதுவா? இண்டைக்குக் காலமை அந்தோனியாருக்குக் குடுத்திட்டனே அண்ணே."

"என்னத்தை?"

"ஸ்குறூவைத்தான். கால் சுகமானா வெள்ளியில ஒரு கால் செய்து வைக்கிறன் எண்டு நேத்திக்கடன். வெள்ளிக்கு எங்க போறது? காலைப் பிடிச்சது இதுதானே, இதையே வைப்பம் எண்டு நூலில கோத்துக் குடுத்திட்டன். அற்றென்டன் முதல்ல தரமாட்டன் எண்டான். நேத்தி எண்டு சொன்னன். அவன் சிங்கள ஆள், அவனும் செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடைக்கு வாறவன். உடனே தந்திட்டான்."

பதினெட்டு மாதம் ஒவ்வொரு நாளும் இவனுடைய காலைப் பார்த்துக்கொண்டு நடந்தவன் நான். கடைசியில் அந்தோனியார் முந்திவிட்டார்.

ஓகஸ்ட் 13, புதன்

கொச்சிக்கடைப் பேதுரு பாதரிடம் போனேன். கதை முழுவதையும் கேட்டார்.

"காணாமல் போனதைத் தேடித் தாறவர் அந்தோனியார். அவரிட்டைக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்றார். கண்ணில் சிரிப்பு.

கண்ணாடி அலுமாரிக்குள் வெள்ளிக் கால்கள், வெள்ளிக் கைகள், கண்கள். அதற்கு நடுவில் சிவப்பு நூலில் என் ஸ்குறூ ஐந்தும் தொங்குகின்றன.

"பாத்திட்டுக் கொண்டுவாரும். ஆனா இடத்தை வெறுமையா விடேலாது. செபஸ்தியன் வந்து பாத்தா மனம் நோவான். ஈடா என்ன வைக்கிறீர்?"

பையில் கை விட்டேன். செபமாலை. அதோடு றஞ்சியின் ஸ்குறூ. பதினாறு மாதமாக என்னை விட்டுப் பிரியாத சாமான். செபமாலையைக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கை மற்றதை எடுத்துக் கொடுத்துவிட்டது.

ஓகஸ்ட் 14, வியாழன்

ஐந்தையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் தூள் தடவி வைத்தேன். கப்பல் தண்டில் வெடிப்புப் பார்ப்பது இப்படித்தான். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு கோடாகத் தெரியும். ராசிக் பக்கத்துக் கடையில் மணிக்கூடு திருத்துபவரின் பூதக்கண்ணாடியை வாங்கி வந்தார்.

நாலு சுத்தம்.

ஐந்தாவதில், கழுத்தில், அரைச் சுற்றுக்கு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

உடைந்த ஆறாவதுக்குப் பக்கத்தில் இருந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. வெடித்தது எப்போது? பைலாவிலா, அதற்கு முந்தியா? தெரியாது. வெடித்த பிறகும் விடவில்லை. எலும்பு பொருந்துமட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"எனத்தியன் ஸ்ரனி, ஏன் அழுற? கால் சரிதானே" என்றார் ராசிக்.

"நான் லீட்ஸுக்குப் போறன் முதலாளி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதச் சொல்ல ஒனக்கு இவ்வளவு நாளா? போ. போய் மொதல்ல அந்தப் புள்ளக்கி எழுது."

பட்டறையிலேயே இருந்து எழுதினேன். "றஞ்சி, அஞ்சும் வந்திட்டுது. ஒண்டு வெடிச்சிருக்கு. உன்னை நான் இவ்வளவு காக்க வைச்சிருக்கக் கூடாது. கூப்பிடு, வாறன். இன்னும் கூப்பிட விருப்பம் எண்டா." தபால்கந்தோர் பூட்டமுதல் போட்டேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

செபஸ்தியனையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கடைக்குப் போனேன். நாலைத் திருப்பி நூலில் கோத்துவிட்டு, வெடித்த ஒன்றை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்குப் பதிலாக றஞ்சியின் ஸ்குறூ நூலில் இருக்கட்டும், எண்ணிக்கை சரிதானே?

"வையுங்கோ. அந்தோனியார் எண்ணிப் பாக்கமாட்டார் அண்ணே" என்றான்.

பேதுரு பாதர் கேட்காதவர்போல மெழுகுதிரியைச் சரிசெய்தார்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

தபால் இல்லை.

செப்டெம்பர் 3, புதன்

மெற்றில்டா அக்கா முடுக்கு முனைக்கே ஓடி வந்துவிட்டா, செருப்பும் போடாமல். தந்தி.

"ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிவிட்டேன். றஞ்சி."

நெஞ்சளவு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டா. சிரித்துக்கொண்டே மேலே ஓடிப்போய்ப் பச்சைச் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன். ஊசி குத்தியது.

நவம்பர் 22, சனி

அனுமதிக் கடிதங்கள், முத்திரைகள், கியூக்கள். எழுதி முடியாது. கடைசி ஒன்றும் நேற்றுக் கிடைத்தது.

ஸ்குறூவின் படத்தைப் பெரிதாகக் கீறிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். கழுத்தின் வளைவைச் சிவப்பில் போட்டு, அளவும் எழுதினேன். அடியில்: 'இந்த மூலையைக் கூராக வெட்டுகிறவன் முதலில் செபஸ்தியனிடம் போய்க் கேட்கவும்.' என் லேத்துக்கு வரப்போகிறவருக்கு முதலாளி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

1976

ஜனவரி 21, புதன், லீட்ஸ்

வந்து பதினொரு நாள். வெளியில் பனி. ஸ்வெட்டர் தோளில் கொஞ்சம் இறுக்கம், சொல்லவில்லை. வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் கதை சுலபத்தில் வருவதில்லை. நாலு வருடம் தனியாக இருந்தவள், ஒரு கோப்பையைத்தான் எடுத்து வைக்கிறாள், பிறகு ஞாபகம் வந்து மற்றதை எடுக்கிறாள். கடிதம் ஏன் நின்றது என்று கேட்டேன். "எழுத இருந்தா அந்த ஒரு கேள்விதான் வந்தது. அதான் எழுதேல்ல" என்றாள்.

இன்று காலை அவள் வேலைக்குப் புறப்படும்போது அந்த ஸ்குறூவைக் கையில் வைத்தேன். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் கழுத்தைத் தடவினாள்.

"கூர் மூலை" என்றாள். பிறகு நகத்தை வைத்து இன்னொரு தரம். "வெடிச்சிருக்கு."

"ஓம். விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டது."

அவள் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திருப்பித் தரவில்லை.

அவளுடைய பஸ் வருவது நாலு இருபதுக்கு. இப்போது மணி நாலு. இரண்டு கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டேன், தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிறது.